பதினோரு மணிக்கு ஏறிய எண்

வீட்டுக்குள் இருக்கும் காற்றில் எவ்வளவு தூசி மிதக்கிறது என்று அளந்து எழுதும் வேலையை நான் இரண்டு வருஷம் பார்த்தேன். வெளியூர்க் கல்லூரி ஒன்று சர்வே எடுத்தது. நிலக்கரிச் சுரங்கத்து டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் கொஞ்சம், மந்தாரக்குப்பத்து வாடகை வீடுகளில் கொஞ்சம், சுற்றுக் கிராமங்களில் கொஞ்சம். உள்ளூர்ப் பெண், கெமிஸ்ட்ரி படித்தவள், சொந்தமாக ஸ்கூட்டி வைத்திருப்பவள் என்று என்னைக் கான்ட்ராக்டில் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முன் பதினாறு வருஷம் ஒரு தனியார் பள்ளியில் லேப் அசிஸ்டென்டாக நின்றுகொண்டே இருந்ததில் முழங்கால் போயிருந்தது. இந்த வேலையில் உட்காரலாம் என்று நினைத்துச் சேர்ந்தேன். உட்காரவில்லை.

மிஷின் ஒரு டிபன் கேரியர் உயரம் இருக்கும். உள்ளே ஒரு குட்டி விசிறி காற்றை இழுக்கும். அந்தக் காற்று ஒரு ஒளிக்கீற்றைக் கடந்து போகும்போது, அதில் இருக்கிற துகள்கள் எண்ணப்படும். நிமிஷத்துக்கு ஒரு எண் கார்டில் பதிவாகும். சுவரில் இருந்து ஒரு மீட்டர் தள்ளி, உட்கார்ந்திருப்பவரின் மூக்கு உயரத்தில், அடுப்புக்கும் ஃபேனுக்கும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். மந்தாரக்குப்பத்து வீடுகளில் அப்படி ஓர் இடம் கண்டுபிடிப்பதற்கே அரைமணி ஆகும். ஒரு நாள் முழுக்க அது அங்கே இருக்கும். வீட்டுக்காரர்களிடம் ஒரு தாள் கொடுப்பேன். சமைத்தது, கூட்டியது, ஊதுவத்தி, கொசுவத்தி, பீடி சிகரெட், ஜன்னல் திறந்ததா மூடியதா என்று அரைமணிக்கு ஒரு கட்டம் நிரப்ப வேண்டும். அதற்கு டைரி என்று பெயர்.

அலுப்புத் தட்டியது மிஷினால் அல்ல, விளக்கிச் சொல்வதில்தான். எந்த வீட்டுக்குப் போனாலும் ஜன்னல் கட்டையில் விரலை வைத்து இழுத்துக் காட்டுவார்கள். விரல் நுனி கறுத்திருக்கும்.

"இத அளக்கறதுக்கு மிஷினு எதுக்குங்க?"

"இது பெரிய தூசிம்மா. பாதி மூக்குலயே நின்னுடும். நாங்க அளக்கறது கண்ணுக்கே தெரியாதது. அதுதான் நுரையீரல் வரைக்கும் போவுது."

"கண்ணுக்குத் தெரியறதுக்கே வழியக் காணோம்."

நாற்பதாவது வீட்டுக்கு வந்தபோது இந்தப் பேச்சை என் வாய் தானாகவே பேசியது, நான் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தேன். அளவு என்ன வந்தது என்று கேட்டால் சொல்லக்கூடாது என்பது உத்தரவு. ரிப்போர்ட் வரும் என்று மட்டும் சொல்ல வேண்டும். "நம்ம வூட்ல ஒருநாள் வெச்சுப் பாரேன்" என்று என் கணவர்கூடக் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். என் சமையலறையைப் பற்றித் தெரிந்துகொள்ள எனக்குத் தெம்பு இல்லை.

நான் சொல்ல வந்த வீடு மந்தாரக்குப்பத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய ஐந்து வீடுகளில் மூன்றாவது. ஒரு ஹால், ஒரு சமையலறை, பின்னால் ஐந்து வீட்டுக்கும் பொதுவான முற்றம். கணவன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை, ஷிப்ட். மனைவிக்கு முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். காலையில் ஒரு பள்ளிக்கூடத்தைச் சுத்தம் செய்யப் போய் ஒரு மணிக்குத் திரும்புவாள். ஒன்பது வயதில் ஒரு பெண். அந்தக் குழந்தைக்கு மூச்சிழுப்பு. கணவனின் அப்பாவும் அவர்களோடுதான் இருந்தார். பக்கவாதம் வந்து இடது காலை இழுத்து இழுத்து நடப்பவர்.

நான் மிஷினை வைக்கப் போன அன்று மனைவி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பினாயில் நெடி கண்ணைக் கரித்தது. கணவன் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"நல்லாப் பாத்து எழுதுங்க மேடம்," என்றான் என்னிடம். "இவ கூட்டற லட்சணம் அதுல தெரியட்டும். வூடு பூரா தூசி. புள்ளைக்கு இழுக்காம என்னா செய்யும்?"

அவள் துணியைப் பிழிந்து மறுபடி துடைத்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

அவன் போன பிறகு கட்டிலில் இருந்த பெரியவர் மிஷினைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "இது போட்டோ புடிக்குமா?"

"இல்லீங்க ஐயா. காத்துல இருக்கற தூசிய எண்ணும், அவ்ளோதான்."

"பேசறது கேக்குமா?"

"கேக்காதுங்க."

தலையாட்டினார். நம்பியது போலத் தெரியவில்லை.

மறுநாள் மிஷினை எடுத்துவந்து வீட்டில் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். திரையில் ஒரு கோடு வரும். நிறைய வீடுகளைப் பார்த்துவிட்டதால் அந்தக் கோட்டைப் பார்த்தே வீட்டுக்குள் என்ன நடந்தது என்று சொல்லிவிடுவேன். தாளிப்பு என்றால் குப்பென்று ஏறி மெல்ல இறங்கும். கொசுவத்தி என்றால் ஏறிய இடத்திலேயே நிற்கும். இந்த வீட்டில் காலைச் சமையல் முடிந்து கோடு இறங்கி அமைதியாக இருந்தது. பதினோரு மணிக்குச் செங்குத்தாக ஏறியது. பன்னிரண்டரைக்கு மறுபடி. சாயங்காலம் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது போல ஒரு மலை. டைரியை எடுத்துப் பார்த்தேன். சாயங்காலத்துக்கு நேராக 'சாம்பிராணி' என்று எழுதியிருந்தாள். பதினோரு மணிக்கு நேராக, 'யாரும் இல்லை. மாமா மட்டும்.' பீடி சிகரெட் கட்டத்தில் நாள் முழுக்க 'இல்லை', 'இல்லை' என்று குண்டு குண்டான கையெழுத்து.

கல்லூரியில் எங்களுக்குப் பொறுப்பாக இருந்த மேடத்துக்குப் போன் செய்தேன்.

"டைரில இல்லாத பீக் வந்தா அந்த ஹவுஸை நான் எடுத்துக்க முடியாது," என்றார். "போய்க் கேளுங்க. இன்னொரு தடவை வைங்க. அப்பவும் ஒத்துவரலேன்னா டிராப் பண்ணிடலாம்."

மறுநாள் பதினோரு மணிக்கே போனேன். அவள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள் என்று தெரிந்துதான் போனேன். முன்கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பெரியவர் பின்வாசல் படியில், பாதி வீட்டுக்குள்ளும் பாதி வெளியிலுமாக உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். முற்றத்துக் காற்று புகையை அப்படியே ஹாலுக்குள் தள்ளிக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் பீடியைப் படியில் தேய்த்து அணைத்தார்.

"காட்டிக் குடுத்துடுச்சா?" என்றார். "போட்டோ புடிக்காதுன்னு சொன்னியேம்மா."

"புடிக்கலீங்க. இந்த நேரத்துக்கு எண்ணிக்கை ஏறிச்சு. அதான் கேக்க வந்தேன்."

"பதினாலு வயசுல புடிச்சதும்மா. நாத்து நட்டுகினு, கள வெட்டிகினு இருந்த காலத்துல வந்த பழக்கம். அந்த நெலமும் இல்ல, என்னோட ஆளுங்களும் இல்ல. கால் இப்பிடி ஆனதுக்கு அப்புறம் இது ஒண்ணுதான் இருக்குது. ரெண்டே ரெண்டு. புள்ள இஸ்கோலு வுட்டு வர்றதுக்குள்ள பொக போயிடும்."

பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். கண்ணுக்குத் தெரிகிற புகை போய்விட்டால் எல்லாம் போய்விட்டது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். ஜன்னல் மூடிய ஹாலில் அது எவ்வளவு நேரம் தங்கும், கட்டில் துணியிலும் தலையணையிலும் எப்படி உட்காரும் என்று சொன்னேன். அந்தக் குழந்தை தாத்தாவோடு அதே கட்டிலில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதும். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "எனுக்குத் தெரியாதும்மா," என்றார். அணைத்த பீடியை முற்றத்தில் எறிந்துவிட்டு, "எம் மவங்கிட்ட சொல்லிடாத," என்றார்.

"இந்தக் காலோட கடைக்கு எப்பிடிப் போறீங்க? யார் வாங்கியாந்து தர்றாங்க?"

அவர் முற்றத்தில் காய்கிற துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருமகளுக்குச் சொல்லாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை. தினம் திட்டு வாங்குகிறவள் அவள். ஒரு மணிக்கு அவள் வருகிற வழியில், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே காத்திருந்தேன். வெயில். ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்தி, எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் வந்ததும் அடுக்கியதெல்லாம் மறந்து நேராகச் சொல்லிவிட்டேன்.

"உங்க மாமா வூட்டுக்குள்ள பீடி குடிக்கறாரும்மா."

அவள் அதிரவில்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியும்கா. நான்தான் வாங்கித் தரேன்."

"உங்க வூட்டுக்காரருக்குத் தெரியுமா?" என்றேன்.

"அவரு அப்பவே சத்தியம் பண்ணிட்டாருக்கா, வூட்டுல பீடி வாட வந்துச்சுன்னா அன்னிக்கே அப்பாவக் கொண்டுபோயி ஊர்ல வுட்டுருவேன்னு. சொன்னா செய்யற ஆளு. ஊர்ல யாரு இருக்கறாங்க? வூடு செவுரு இடிஞ்சு கெடக்குது. ஒரு காலு வெளங்காத மனுசன் அங்க என்னா பண்ணுவாரு?" என்றாள். "ஒருதபா நிறுத்திப் பாத்தேன். மூணு நாளு சோறு எறங்கல. ராவும் பகலும் உக்காந்து அழுவுறாரு. எனுக்கு அம்மா இல்லக்கா. எம் பொண்ணு பொறந்தப்ப ஆபரேசன். புள்ளத் துணிய எல்லாம் தொவச்சுப் போட்டது மாமாதான். தெருவே சிரிச்சுது. அவரு பாட்டுக்குத் தொவச்சாரு."

"அப்ப உன்னத் திட்டறாரே உங்க வூட்டுக்காரரு. கூட்டறது சரியில்லன்னு."

"திட்டிட்டுப் போறாரு. அந்த நெனப்புலயே இருந்தா வேற எதையும் தேட மாட்டாரு. வந்ததும் பினாயில் போட்டுத் தொடச்சுடுவேன். அஞ்சு மணிக்குச் சாம்பிராணி போட்டுட்டா வாடையே தெரியாது."

கோட்டை மலை போல ஏற்றிய அந்தச் சாம்பிராணி எதற்கென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் நின்றேன். அளவைச் சொல்லக்கூடாது என்பது உத்தரவு.

"பீடிய விட அந்தச் சாம்பிராணிதாம்மா அதிகமாக் காட்டுது," என்றேன். "ரொம்ப அதிகம். ஜன்னலையும் மூடி வெச்சுகினு போடறீங்களா, ராத்திரி வரைக்கும் எறங்கவே இல்ல."

அவள் சாலையோரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். தலையில் கை வைத்துக்கொண்டு, யாரிடமோ பேசுவதுபோல, "நானேவா போட்டுகினு இருந்தேன்?" என்றாள். "தெனமுமாக்கா? நானேவா?"

உனக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்றேன். யாருக்கும் தெரியாது என்றேன். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. இரண்டு வருஷத்தில் ஒருவரிடம் உண்மையான அளவைச் சொன்னது அந்த ஒரு முறைதான். சொன்னதற்காகச் சந்தோஷப்பட முடியவில்லை.

அன்று இருவரும் அவள் வீட்டுக்குப் போனோம். பெரியவரை வைத்துக்கொண்டே பேசினோம். இனிமேல் சாம்பிராணி கிடையாது. பீடி என்றால் முற்றத்துக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டுதான். பின்வாசலில் இருந்து நாலு எட்டுத் தள்ளி, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள் அவள். பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை நடந்து காட்டினார். திரும்பி வரும்போது மூச்சு வாங்கியது.

"போவ முடியும்மா," என்றார். "புள்ளைக்காவப் போவ மாட்டனா?"

மூன்று வாரம் கழித்து மறுபடி மிஷினை வைத்தேன். எடுக்கப் போன நாளில் கணவனுக்கு வார ஓய்வு. சட்டை போடாமல் தரையில் உட்கார்ந்து குழந்தைக்குப் பென்சில் சீவிக்கொடுத்துக்கொண்டிருந்தான். எந்த நேரமும் மூக்கடைத்த குரல் அவனுக்கு.

"என்னா மேடம் சொல்லுது உங்க மிஷினு? வூட்டுத் தூசிதான?"

"ரிப்போர்ட் வரும்," என்று சொல்ல வாயெடுத்தேன். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. கட்டிலில் பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு சொல்றேங்க," என்றேன். "உங்க வூட்டுக்காரம்மா கூட்டறதுலயும் தொடைக்கறதுலயும் ஒரு குத்தமும் இல்ல. நான் போன வூட்டுல எல்லாம், இவ்ளோ தடவ ஈரத்துணி போட்டுத் தொடைக்கறது இவங்க ஒருத்தர்தான்."

அவன் பென்சில் சீவுவதை நிறுத்தினான். "அப்ப எதுனால வருது?"

"சாம்பிராணி, கொசுவத்தி, சமையல் பொக. ஜன்னல மூடியே வெக்கறது. காத்தடிக்கற மத்தியானம் மூடிக்கோங்க, விடியக்காலம் தொறந்து வையுங்க."

அந்த வரிசையில் ஒன்றை விட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான் விட்டேன். அவன் "சரிங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி பென்சில் சீவ ஆரம்பித்தான். நான் ஒயரைச் சுற்றி மிஷினைப் பையில் போட்டேன். எழுந்திருக்கும்போது முழங்கால் மளுக்கென்றது. யாருக்காக மறைத்தேன், அந்தக் குழந்தைக்கா, கிழவருக்கா, இல்லை, ஒரு சண்டையைப் பார்க்க எனக்குத் தெம்பில்லாததாலா? இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

கோடு நன்றாகத்தான் இருந்தது. சாயங்கால மலை காணாமல் போயிருந்தது. பதினோரு மணிக்கு, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத ஒரு சின்ன மேடு. ஆனால் டைரியில் பீடிக் கட்டம் இப்போதும் 'இல்லை'. கணவன் அந்தத் தாளைப் படிப்பான் என்று அவளுக்குப் பயம். நானும் திருத்தவில்லை. மேடம் அந்த வீட்டைச் சர்வேயில் இருந்து எடுத்துவிட்டார். "ரெண்டு தடவையும் டைரியோட ஒத்துவரலையே, எடுத்துக்க முடியாது," என்றார். இரண்டு நாள் மிஷின் ஓடியதும், நான் வெயிலில் நின்றதும் கணக்கில் சேரவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. நான் அப்போது முத்தாண்டிக்குப்பம் பக்கம் வீடு வீடாக அலைந்துகொண்டிருந்தேன். ஒரு காலையில் அவளிடமிருந்து போன்.

"அக்கா, பாப்பாவ ஆஸ்பத்திரில சேத்துருக்கறோம். மூச்சு வுட முடியல. நாலு நாளா மழக்கா. முத்தம் பூரா பாசி. மாமா வெளிய போவ முடியாம உள்ளயே..."

மழை ஈரத்துக்கே அந்தக் குழந்தைக்கு இழுப்பு வரும் என்று டாக்டர் சொன்னாராம். பீடியாலா, ஈரத்தாலா, இரண்டாலுமா என்று எந்த மிஷினும் பிரித்துச் சொல்லாது. இதை நான் அவளுக்கும் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனபோது குழந்தை முகத்தில் மாஸ்க்கோடு உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கையை ஆட்டியது. மருந்துப் புகை மாஸ்க்கின் ஓரமாகக் கசிந்துகொண்டிருந்தது. அப்பன் வராண்டா பெஞ்சில் இருந்தான். என்னைப் பார்த்து எழுந்து நின்றான், மறுபடி உட்கார்ந்துகொண்டான்.

மற்றதை அவள் சொல்லித்தான் தெரியும். குழந்தை வீட்டுக்கு வந்த அன்று, பெரியவர் தானாகவே மகனைக் கூப்பிட்டாராம்.

"நான்தான்டா. நான்தான் குடிச்சேன். உம் பொண்டாட்டிய ஒரு வார்த்த சொல்லாத. என்னக் கொண்டுபோயி ஊர்ல வுட்டுரு."

"பைய எடுத்து மடில வெச்சுகினு உக்காந்துட்டாருக்கா," என்றாள் அவள். "துணியெல்லாம் எப்ப எடுத்து வெச்சாருன்னே எனுக்குத் தெரியல. நான் குறுக்க வுழுந்து, வாங்கித் தந்ததே நான்தான்னு சொல்லிட்டேன். அவரு எங்க ரெண்டு பேரு மூஞ்சியும் மாறி மாறிப் பாத்தாரு. அப்பிடியே ஷிப்டுக்குப் போயிட்டாரு."

இரண்டு நாள் அவன் வீட்டில் யாரிடமும் பேசவில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிட்டான், தூங்கினான், போனான். மூன்றாம் நாள் ஷிப்ட் முடிந்து, கூட வேலை செய்கிற ஒருவனோடு பழைய தகர ஷீட் நாலு கொண்டுவந்தான். பின்சுவரை ஒட்டிச் சாய்ப்பு இறக்கினான். பாசியைச் சுரண்டிவிட்டு, பின்வாசலில் இருந்து அதுவரைக்கும் செங்கல் பரப்பினான், பிடித்து நடக்க சுவரில் ஒரு பைப் அடித்தான். எல்லாம் முடிந்ததும் அப்பாவிடம் வந்து, "இங்க குந்திகினு குடி. வூட்டுக்குள்ள ஒருதபா வாட வந்துச்சுன்னா பாரு," என்றானாம். அவர் மூன்று நாளாகப் பிரிக்காமல் வைத்திருந்த பையை வாங்கி, துணிகளைக் கொடியில் போட்டானாம்.

"உங்கிட்ட என்னா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலக்கா. மன்னிப்பெல்லாம் கேக்கற ஆளா? ஆனா கூட்டற பேச்ச எடுக்கறதில்ல. அதுவே எனுக்கு இன்னொரு மாரி இருக்குது, காதுல என்னமோ கொறையற மாரி." சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

சர்வே முடிந்து மிஷின்களைக் கல்லூரிக்காரர்கள் எடுத்துப் போனார்கள். என் கான்ட்ராக்டும் அதோடு முடிந்தது. நான் இப்போது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலையில் மட்டும் போய் இருக்கிறேன். அங்கே நாற்காலி உண்டு.

போன மாசம் மார்க்கெட்டில் அவளைப் பார்த்தேன். கையில் கீரைக்கட்டு, தோளில் குழந்தையின் பள்ளிப் பை. பெண் வளர்ந்திருந்தது, பக்கத்தில் நின்று ஐஸ் வேண்டும் என்று முரண்டு பிடித்தது. இழுப்பு எப்படி இருக்கிறது என்றேன்.

"வருது, போவுதுக்கா. முன்ன மாரி இல்ல. மழைக்கு இன்னும் பயந்தான்." பெரியவர் இருக்கிறார், ஒரு பீடியாகக் குறைத்திருக்கிறார், சில நாள் இரண்டு என்றாள். ஷிப்ட் பஸ் வரும் நேரம், வீட்டுக்காரருக்குச் சோறு வைக்க வேண்டும் என்றாள். குழந்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, ஐஸ் கடைக்கு எதிர்ப்பக்கமாக வேகமாக நடந்தாள்.